எல்லாம் ஒத்துப்போன கொக்கி

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அவள் மாட்டின் பல்லோடு விடமாட்டாள். மாட்டை ஓட்டி வந்தவனுடைய பல்லையும் பார்த்துவிட்டுத்தான் கயிற்றைக் கையில் வாங்குவாள். தொழிற்சாலையில் அவளுக்கு விசாரணையம்மா என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது யார் என்று அவளே விசாரித்துப் பார்த்தாள், இன்றுவரை பிடிபடவில்லை. அவள் கையிலிருந்து தப்பித்த ஒரே வழக்கு அதுதான் என்று மற்றவர்கள் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

அது கிரேன்களுக்கான கொக்கி, சங்கிலி, வளையம் எல்லாம் செய்கிற தொழிற்சாலை. கீழே உலையும் சம்மட்டியும். மாடியில் கணினிகளும் குளிர்ந்த காற்றும். விசாரணையம்மாவுக்கு மாடியில் வேலை. நாள் முழுக்க உலோகத்தை நீட்டுவாள், முறுக்குவாள், உடைப்பாள். ஆனால் ஒரு துண்டு இரும்பைக்கூடத் தொடமாட்டாள். எல்லாம் கணினிக்குள்ளேயே நடக்கும். திரையில் நீலமும் மஞ்சளும் சிவப்புமாகப் படம் வரும். வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்து ஆகா என்பார்கள். அவளுக்கு அழகான படத்தைக் கண்டாலே ஆகாது. தப்புக் கணக்குக்கும் கணினி இதே வண்ணத்தைத்தான் பூசும் என்பாள்.

ஒரு கொக்கி பாரத்தைத் தாங்குமா என்பதை அந்த மாடியில் மூன்று பேர் மூன்று அளவில் கணக்கிட்டார்கள். முதலாமவர் அணுக்காரர். கணினிக்குள் சின்னதாக ஒரு பெட்டி, அதில் அணுக்களை வரிசை வரிசையாக அடுக்கி, இழுத்து, எப்போது ஒரு வரிசை இன்னொரு வரிசையின்மேல் நழுவுகிறது என்று பார்ப்பார். தூசியைக் காட்டி அந்தப் பெட்டி எவ்வளவு சின்னது என்று விளக்கவே முடியாது. தூசி அதற்கு மலை. இரண்டாவது ஆள் விசாரணையம்மா. உலோகத்தைப் பளபளவென்று தேய்த்துப் பெரிதாக்கிப் பார்த்தால், கல்லுப்பை நெருக்கி அழுத்தி வைத்ததுபோல மணி மணியாக இருக்கும். ஒவ்வொரு மணியும் தனக்குப் பிடித்த திசையில்தான் வளையும், பக்கத்து மணி விடாது. கூட்டுக்குடும்பம் மாதிரி, விட்டுக்கொடுப்பதும் இழுத்துப் பிடிப்பதுமாக மொத்தக் கூட்டமும் எப்படி வளைகிறது என்பதுதான் அவள் கணக்கு. மூன்றாவது, கொக்கிக்காரி. முழுக் கொக்கியையும் வலைபோலச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துப் பாரத்தைத் தொங்கவிடுகிறவள். அணுக்காரர் எண் விசாரணையம்மாவுக்கு வரும். அவள் எண் கொக்கிக்காரிக்குப் போகும்.

இவர்கள் மூவரும் சொல்வதெல்லாம் கணக்குதான். சாட்சி சொல்கிறவர் ஒருவர் கீழே இருந்தார். சோதனை அறையில் உண்மையான உலோகத் தண்டுகளை இயந்திரத்தில் மாட்டி இழுக்கிற இழுவைக்காரர். எந்த இழுப்பில் தண்டு திரும்பி வராதபடி நீள ஆரம்பிக்கிறது, எந்த இழுப்பில் உடைகிறது என்று எழுதி மேலே அனுப்புவார். சன்னமான குரல், பெரிய கைகள். விசாரணையம்மா படியிறங்கி வருகிற சத்தம் கேட்டால் இல்லாத தூசியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

அவளுடைய மேசைக்கு மேலே யாரோ ஒரு அட்டையை ஒட்டியிருந்தார்கள். ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.’ கிண்டலுக்குத்தான் ஒட்டினார்கள். அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, ஒரு மூலை கிளம்பியபோது பசை போட்டு மறுபடி ஒட்டிக்கொண்டாள்.

வீட்டிலும் அதே கதைதான். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுக்காரரை முதன்முதலாகச் சந்தித்தபோது, தேநீர்க் கடையில் அவள் கேட்ட கேள்விகளில் தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது. அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் அதோடு விடாமல் அவர் சொன்னதில் சிலவற்றை வேறு ஆட்களிடம் கேட்டுச் சரிபார்த்தாள். எல்லாம் உண்மை. இப்படி ஒருத்தர் கிடைப்பது குதிரைக்கொம்பு என்று கல்யாணம் செய்துகொண்டாள்.

அவருக்குச் சரக்கு யார்டில் வேலை. கிரேன் கொக்கியில் பாரத்தை மாட்டிவிட்டு, கீழே நின்று மேலே இருக்கிற ஓட்டுநருக்குக் கையால் சைகை காட்டுவார். தலைக்கு மேலே டன் கணக்கில் தொங்க, அதற்குப் பக்கத்தில் நின்று பிழைக்கிற தொழில். அன்றைக்குத் தேநீர்க் கடையில் வாய் நிறையப் பேசிய மனிதர், வருஷம் போகப் போகச் சுருங்கிப்போனார். ஒருநாள் வேலை முடிந்து பூங்காப் பெஞ்சில் சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். ஏன் உட்கார்ந்தீர்கள், யாரோடு, என்ன யோசனை, யோசிக்கும்படி என்ன நடந்தது என்று விசாரணை படுக்கும்வரை ஓடியது. அடுத்த தடவை ‘பஸ் லேட்’ என்றார். வழக்கு அந்த நிமிஷமே தள்ளுபடி. அதன்பிறகு பஸ் அடிக்கடி லேட்டானது. கல்லூரிக்குப் போகிற மகளும் அப்பாவைப் பார்த்துப் படித்துக்கொண்டாள். ‘ஒண்ணுமில்ல’, ‘நல்லாத்தான் இருக்கு’, ‘பஸ் லேட்’ என்று மூன்று பதிலில் அந்தக் குடும்பம் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் எவ்வளவு அமைதி என்று விசாரணையம்மா பெருமைப்பட்டாள்.

இப்படி இருக்கையில் புதுக் கொக்கி வந்தது. புதுக் கலவை உலோகம். பழையதைவிட எடை குறைவு, பலம் அதிகம் என்று பேச்சு. முதல் கொக்கியை வெள்ளோட்டத்துக்காக அனுப்பினார்கள். எங்கே என்றால், அவள் வீட்டுக்காரர் வேலை செய்கிற அதே யார்டுக்கு. முழுப் பாரம் தொங்கவிடக் கூடாது, குறைத்துத்தான் மாட்ட வேண்டும் என்று நிபந்தனை. கொக்கி எப்படி இருக்கிறது என்று அவர் அவ்வப்போது தொழிற்சாலைக்குச் சொல்ல வேண்டும். ‘நல்லாத்தான் இருக்கு’ என்றே சொல்லிவந்தார். வீட்டிலும் அதையேதான் சொன்னார். அவள் ‘நல்லது’ என்றாள். அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை.

மாடியில் கணக்கெல்லாம் ஒத்துப்போனது. அணுக்காரர் எண்ணும் அவள் எண்ணும் கைகோத்துக்கொண்டன. கொக்கிக்காரியின் படத்தில் ஆபத்தைக் காட்டுகிற சிவப்பே இல்லை. இழுவைக்காரரின் தண்டுகள் எல்லாம் கணக்குப் போட்ட கோட்டின்மேல் கோடாக விழுந்தன. நிர்வாகிக்கு வாயெல்லாம் பல். வார முடிவுக்குள் விசாரணையம்மா கையெழுத்துப் போட்டுவிட்டால், அந்த உலோகத்தில் கொக்கிகள் செய்து ஊர் ஊராக அனுப்பிவிடலாம் என்றார்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். நாலு பேர் ஒரே சம்பவத்தைச் சொன்னால் அங்கங்கே கொஞ்சம் இடிக்க வேண்டும். ஒருத்தர் சட்டை நீலம் என்பார், இன்னொருத்தர் பச்சை என்பார். நாலு பேரும் வார்த்தை பிசகாமல் சொன்னால் அதற்குப் பெயர் சாட்சி இல்லை, ஒத்திகை. இதை அவள் நிர்வாகியிடம் சொன்னபோது, அவர் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று ஆரம்பித்தார்.

“எந்தச் சோறுன்னு எடுக்குறது யாரு, சார்?” என்று கேட்டாள்.

நிர்வாகி கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குப் பதில் அன்று அவளுக்கும் தெரியாது.

முதல் சந்தேகம் அணுக்காரர் மேல். மனிதர் எப்போதும் முணுமுணுவென்று எதையோ பாடிக்கொண்டே வேலை செய்வார். அதுவே அவளுக்கு ஒரு உறுத்தல். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், சிலருக்குப் பாட்டாகவும் வரும் என்பது அவள் எண்ணம். சோதனை அறை எண்ணைப் பார்த்துவிட்டுத் தன் எண்ணை அதற்கேற்ப ஒட்டவைக்கிறார் என்று நினைத்தாள். அவர் சாப்பிடப் போன நேரமாகப் பார்க்காமல், எதிரிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பெட்டிக்குள் எத்தனை அணு, எவ்வளவு வேகமாக இழுத்தீர்கள், பெட்டியின் ஓரத்தில் என்ன செய்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, எல்லாவற்றையும் திறந்து காட்டினார். கணினிக்குள் அணுக்களைக் கண்மூடித் திறப்பதற்குள் இழுத்தாக வேண்டியிருக்கிறது, அவ்வளவு அவசரமாக இழுத்தால் உலோகம் இருப்பதைவிடப் பலசாலியாகத் தெரியும், அதனால் தான் ஒருபோதும் ஒற்றை எண் தருவதில்லை என்றார்.

“இதுக்கும் இதுக்கும் நடுவுலன்னுதான் கொடுத்தேன், மேடம். நடுவுல எதுன்னு எடுத்தது நீங்க.”

வாஸ்தவம்தான். அவர் தந்த இடைவெளிக்குள், இழுவைக்காரரின் தண்டு சொன்னதற்கு எது பொருந்துகிறதோ அந்த எண்ணை அவள்தான் எடுத்தாள். அந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற காரியம். அதில் தப்பில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தாள். முதுகுக்குப் பின்னால் பாட்டு மறுபடி தொடங்கியது.

அடுத்தது கொக்கிக்காரி. வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை, அதனால் சிவப்பு வராதபடி வலையின் கட்டங்களைப் பெரிதாக்கியிருப்பாள் என்று நினைத்தாள். பெரிய கண்ணி வலையில் சின்ன மீன் தப்பித்துவிடும் அல்லவா? கட்டங்களை நுணுக்கமாக்கி மறுபடி ஓட்டச் சொன்னாள். ஓட்டினாள். அதே நீலம், அதே மஞ்சள். இன்னும் நுணுக்கமாக்கச் சொன்னாள். அதேதான். கொக்கிக்காரிக்கு முகம் சிவந்துவிட்டது. கொக்கியில் வராத சிவப்பு அங்கேயாவது வந்ததே என்று அணுக்காரர் முணுமுணுத்தார். நீங்கள் கொடுத்த உலோகம் பலசாலியாக இருக்கிறது மேடம், அதை வைத்து எப்படிப் போட்டாலும் கொக்கி நிற்கத்தான் செய்யும் என்றாள் கொக்கிக்காரி. நீங்கள் கொடுத்த உலோகம் என்ற சொல் விசாரணையம்மாவின் காதில் சிக்கிக்கொண்டது.

அப்படியானால் மிச்சம் இருப்பது சாட்சி. படியிறங்கினாள்.

இழுவைக்காரர் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. இயந்திரத்துக்குப் பின்னால் இருந்த கழிவு வாளியைப் பார்த்தாள். உடைந்த தண்டுகளைப் போடுகிற தகர வாளி. ஒத்துப்போன சோதனைகளுக்கு இவ்வளவு தண்டு ஆகாது. வாளி நிரம்பிக் குமிந்து கிடந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்று அவளுக்கு உள்ளே சில்லென்றது. குனிந்து ஒன்றை எடுத்தாள். வேலைக்குச் சேர்ந்த பிறகு அவள் கையில் தொட்ட முதல் உலோகம் அதுவாகத்தான் இருக்கும்.

இங்கே ஒரு விதி இருக்கிறது. தண்டின் இரண்டு முனையையும் இயந்திரம் பல்லால் கவ்வுவதுபோலக் கவ்விக்கொள்ளும். தண்டு நடுவில், போட்ட கோடுகளுக்குள் உடைந்தால்தான் அந்த எண்ணை எடுத்துக்கொள்வார்கள். கவ்விய இடத்தில் உடைந்தால், அது கவ்வலின் கோளாறு என்று தள்ளிவிடுவார்கள். வாளியில் கிடந்த தண்டுகளில் ‘பிடியில் உடைந்தது’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. ஆனால் அவள் கையில் இருந்தது நட்டநடுவில், கோடுகளுக்குள் அழகாக உடைந்திருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

“பிடியில உடைஞ்சதுன்னு எழுதியிருக்கீங்க. இது நடுவுல உடைஞ்சிருக்கு.”

“ஆமாம்மா.”

“அப்புறம் ஏன் தள்ளினீங்க?”

“குறைச்சலா வந்துச்சும்மா.”

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குறைவாக வந்தால் குறைவு என்றுதானே எழுத வேண்டும் என்று கேட்டாள். அவர் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு அந்தச் சன்னக் குரலில், குற்றம் சொல்கிற தொனியே இல்லாமல், நடந்ததைச் சொன்னார்.

“எழுதி அனுப்பினேம்மா, ஆரம்பத்துல. தண்டுல கீறல் இருந்துச்சான்னு கேட்டீங்க. பிடி சுத்தமா இருந்துச்சான்னு கேட்டீங்க. மெஷினை சைபர்ல நிறுத்தினீங்களான்னு கேட்டீங்க. மறுபடி இழுத்தேன், மறுபடி கேட்டீங்க. ஒசத்தியா வந்த தண்டுக்கு மட்டும் நீங்க ஒண்ணுமே கேக்கல. நன்றின்னு சொல்லி அனுப்பினீங்க. சரி, அம்மாவுக்குத் தெரியாததா, கோளாறு நம்ம கையிலதான்னு நினைச்சுட்டேன்.”

தண்டுகளை இழுக்கச் சொல்லி அனுப்பும்போதே, பழைய கலவைகளை வைத்து ஒரு குத்துமதிப்பாக, இவ்வளவு வரும் என்று அவள்தான் ஒரு எண்ணைச் சொல்லி அனுப்பினாள். அந்த எண்ணுக்குப் பொருந்திய தண்டுகள் மேலே வந்தன. அந்தத் தண்டுகளுக்குப் பொருந்தும்படி அவள் தன் கணக்கைத் திருகினாள். அந்தக் கணக்கை வாங்கிக் கொக்கிக்காரி கொக்கியைத் தூக்கிக் காட்டினாள். சுற்றிச் சுற்றிச் சுப்பன் கொல்லை. நாலு சாட்சியும் சொன்னது ஒரே ஆளின் வார்த்தையை. அந்த ஆள் அவள்தான். பானையிலிருந்து அந்த ஒரு சோற்றை எடுத்தது யார் என்பதற்கும் பதில் கிடைத்துவிட்டது.

இத்தனை வருஷம் எல்லாரையும் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இல்லை. தனக்கு ஒத்துவராததை மட்டும்தான் சந்தேகப்பட்டிருக்கிறாள். ஒத்துவந்ததற்கு ஒருநாளும் பல்லைப் பிடித்துப் பார்த்ததில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பதை அவள் ஊருக்கெல்லாம் சொன்னவள்; அது தனக்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் பயமாக இருந்தது.

மிச்சமிருந்த புதுத் தண்டுகளை எடுத்து இழுக்கச் சொன்னாள். எவ்வளவு வரும் என்று சொல்லவில்லை. எப்படி மாட்டினீர்கள் என்று கேட்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். ஒன்றுகூட அவள் எண்ணுக்குப் பக்கத்தில் வரவில்லை. எல்லாம் முன்னதாகவே இளகி, நீண்டு, நீண்டபடியே நின்றுவிட்டன. குறைத்த பாரம் என்று யார்டுக்குச் சொல்லி அனுப்பியதும் அவள் எண்ணிலிருந்து குறைத்ததுதான் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

நிர்வாகியிடம் ஓடினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நேற்றுவரை எல்லாம் ஒத்துப்போகிறது என்று சந்தேகம், இன்றைக்கு ஒத்துப்போகவில்லை என்று சந்தேகமா என்று கேட்டார். அவளுக்கு மட்டும் உலோகம் எப்படி வளைந்தாலும் குற்றம் என்றார். புதுத் தண்டுகளிலேயே ஏதாவது கோளாறு இருக்கலாமே, கீறல் இருந்ததா, பிடி சுத்தமாக இருந்ததா என்று அவளுடைய கேள்விகளையே எடுத்து அவளிடம் நீட்டினார். கடைசியில் ஒரு வழி சொன்னார். கொக்கி யார்டில் தினமும் பாரம் தூக்குகிறது. அதைப் பார்க்கிறவர் அவள் வீட்டுக்காரர். அவர் நன்றாக இருக்கிறது என்றுதான் இதுவரை சொல்லியிருக்கிறார்.

“அவர் ஒரு வார்த்தை மாத்திச் சொல்லட்டும். இப்பவே நிறுத்திடுறேன்.”

அவள் வீட்டுக்குப் போனாள். பகல் ஷிஃப்ட் முடிந்து அவர் வந்திருந்தார். சமையலறை மேசையில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேசையின் மறுகோடியில் மகள் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். யார்டில் சாயங்கால ஷிஃப்ட் ஆரம்பமாகியிருக்கும். வேறு யாரோ ஒருவர் அந்தக் கொக்கிக்குக் கீழே நின்று சைகை காட்டிக்கொண்டிருப்பார்.

“கொக்கி எப்படிங்க இருக்கு?” என்று கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு.”

நேற்றாக இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போயிருப்பாள். இன்றைக்கு அந்த இரண்டு வார்த்தையும் வாளியில் கிடந்த சீட்டுபோலத் தெரிந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது. எப்போது பார்த்தீர்கள், கிட்டே போய்ப் பார்த்தீர்களா, வெளிச்சம் இருந்ததா, கொக்கி வாயின் அகலத்தை அளந்தீர்களா, எதை வைத்து அளந்தீர்கள் என்று அடுக்கினாள். கேள்விக்குக் கேள்வி அவர் முகம் மூடிக்கொண்டே வந்தது. நல்லாத்தான் இருக்கு, அளந்தேன், சரியாத்தான் இருக்கு என்றார். சோற்றைப் பிசைந்த கை நின்றுவிட்டது.

மகள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள்.

“அம்மா, நீ இப்படிக் கேட்டா எங்களுக்கு ஒண்ணுதான் தோணும். எதைச் சொன்னா நீ நிறுத்துவியோ அதைச் சொல்லிடலாம்னு.”

இழுவைக்காரர் துணியை மடித்த மாதிரியே அவர் மேசைத்துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டிருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். நாக்கு நுனியில் அடுத்த கேள்வி வந்து நின்றது; விழுங்கினாள். அதற்கடுத்ததும் வந்தது, அதையும் விழுங்கினாள். அவள் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே கடினமான வேலை அதுதான். குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மகள் பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார், கேள்வி வரவில்லை என்று கண்டு மறுபடி பார்த்தார்.

“கொக்கி வாயை மூடுறதுக்குச் சின்னதா ஒரு தகடு இருக்கும்ல,” என்றார் மெதுவாக. “கயிறு நழுவி வெளியில வராம இருக்க.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“அது போய் நுனியில சரியா உக்காரல. கொஞ்சம் எட்டல. தகடுதான் மட்டமா செஞ்சிருக்காங்கன்னு நினைச்சேன். ஒரு துண்டு வெச்சு முடுக்கி நீட்டிவிட்டேன். மூடிக்கிச்சு.” தட்டை ஓரமாக நகர்த்தினார். “போன வாரம் மறுபடி எட்டல. இன்னொரு துண்டு வெச்சேன்.”

தகடு குட்டையாகவில்லை. கொக்கியின் வாய் திறந்துகொண்டிருக்கிறது. இரண்டாவது துண்டு வைத்திருக்கிறார் என்றால் இன்னும் திறந்துகொண்டிருக்கிறது. அவள் கணினிக்குள் ஒரு தடவைகூட வளையாத கொக்கி, அவர் தலைக்கு மேலே வாயைத் திறந்தபடி நாள் முழுக்கப் பாரம் தூக்கியிருக்கிறது.

“ஏங்க எங்கிட்டச் சொல்லல?”

இதை அவள் விசாரணையாகக் கேட்கவில்லை. அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும்; பயமில்லாமல்தான் பதில் சொன்னார்.

“கொக்கி உன் கணக்காச்சே. நீ எல்லாத்தையும் அவ்வளவு சந்தேகப்படுறவ. உன் கணக்குல தப்பு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல.”

இருபது வருஷத்துக்கு மேலாகக் குடும்பம் நடத்தியும், அவர் பூங்காப் பெஞ்சில் உட்கார்ந்ததைக்கூட நம்பாமல் விசாரித்தவள் அவள். அவர் அவளை நம்பிக்கொண்டு அந்தக் கொக்கிக்குக் கீழே போய் நின்றிருக்கிறார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்கு இது நேரமில்லை. அவருடைய போனை எடுத்து யார்டு மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, இன்னார் வீட்டுக்காரி என்று சொல்லி, புதுக் கொக்கியில் தொங்குவதை உடனே இறக்குங்கள் என்றாள்.

மேற்பார்வையாளர் லேசில் விடுகிற ஆள் இல்லை. எதற்காக என்றார். யார் உத்தரவு என்றார். எழுத்தில் இருக்கிறதா, நிர்வாகிக்குத் தெரியுமா, இத்தனை நாள் தூக்கியது இன்றைக்கு என்ன என்றார். நல்லாத்தான் இருக்கு, நீங்க வேலையைப் பாருங்க என்று சொல்லிப் போனை வைத்துவிட்டால் இந்தக் கேள்விகள் நின்றுவிடும் என்று ஒரு கணம் அவளுக்கே தோன்றியது.

“உங்களுக்கு உறுதியாத் தெரியுமாம்மா?” என்றார் மேற்பார்வையாளர் கடைசியாக.

“தெரியாதுங்க,” என்றாள். “தெரியும்னு சொன்னதாலதான் அது அங்க தொங்குது. இறக்கிடுங்க.”

அந்தப் பக்கம் யாரையோ உரக்கக் கூப்பிடுவது கேட்டது. கிரேனின் எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியது. பாரம் நகரும்போதெல்லாம் அடிக்கிற மணி. மூன்று பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, தானே கீழே நிற்பதுபோல உள்ளங்கையைக் கீழ்நோக்கித் தாழ்த்தித் தாழ்த்திச் சைகை காட்டினார். மணி நின்றபோது அவர் கை மேசையைத் தொட்டிருந்தது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள், ஒன்றும் கேட்கவில்லை.